கதிர்காமக் காட்டுப்பாதையில் குடிதண்ணீர்: முதன்முறை நடப்பவர்களுக்கு

இலங்கையின் தென்கிழக்கில் உள்ள கதிர்காம முருகன் கோவிலுக்கு நடந்து போவதாக நேர்த்தி வைத்தவர்கள் முதலில் யானையைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்து காற்கொப்புளம், பிறகு செருப்பு போடலாமா என்பது. தண்ணீரைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. காட்டுப்பாதை தொடங்கும் உகந்தைக்கு அப்பால் நல்ல உடம்புக்காரரையும் படுக்க வைப்பவை நாவறட்சியும் வயிற்றோட்டமும்தான். இரண்டும் முன்கூட்டியே தடுக்கக்கூடியவை. அதனால்தான் தண்ணீரை மட்டும் தனியாக எடுத்து எழுதுகிறேன்.

ஆடி விழாக் கொடியேற்றத்தை நோக்கித்தான் யாத்திரை நடக்கிறது. கிழக்குக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. அந்த மழை ஐப்பசியில் தொடங்கித் தையோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். நாம் காட்டுக்குள் இறங்கும்போது மழை நின்று ஐந்தாறு மாதம் ஆகியிருக்கும். போதாததற்குத் தென்மேற்குக் காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய கச்சானாக மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இறங்கி வீசும். இந்தக் காற்றில் வியர்வை துளியாகத் திரளாது, தோலிலேயே காய்ந்துவிடும். வியர்க்கவில்லை, தாகமும் இல்லை என்று நினைத்துக்கொண்டே நடப்போம். உடம்பு உள்ளே வற்றிக்கொண்டிருக்கும்.

எனவே புதிதாக வருபவருக்கு ஒரே ஒரு விதி சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்: அடுத்த தண்ணீர் எங்கே என்று தெரியாமல், இப்போது தண்ணீர் உள்ள இடத்தை விட்டுப் புறப்படாதீர்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பது, எங்கே தங்குவது, எப்போது எழும்புவது எல்லாம் அதற்குப் பிறகு முடிவு செய்ய வேண்டியவை.

வீட்டிலிருந்து புறப்படும் முன்

ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பையைக் கட்டுங்கள். சூட்டில் நாள் முழுக்க நடக்கும் ஒருவருக்குக் குடிக்க மட்டும் நான்கு லீற்றராவது வேண்டும். சமையலுக்கு இன்னும் ஒரு லீற்றர் சேரும். ஐந்து கிலோ தண்ணீரைத் தோளில் சுமக்க இடம் வேண்டுமென்றால் மற்றச் சாமான்களைக் குறைத்தே ஆக வேண்டும். மாற்றுடை இரண்டு போதும். பானை, சட்டி குழுவுக்குப் பொதுவாக இருக்கட்டும்.

போத்தல் கெட்டியானதாக, வாய் அகன்றதாக இருக்கட்டும். ஒரு பெரிய கானைவிட இரண்டு மூன்று நடுத்தரப் போத்தல்கள் நல்லவை. ஒன்று உடைந்தாலும் மற்றது இருக்கும். அதைவிட முக்கியம், சுத்தம் செய்த தண்ணீரையும் செய்யாத தண்ணீரையும் வேறு வேறு போத்தலில் வைக்கலாம். இரண்டும் கலந்துபோகாமல் ஒன்றில் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள்; இரவில் ரோச் வெளிச்சத்திலும் அடையாளம் தெரியும். கடையில் வாங்கும் மெல்லிய போத்தல்களை நம்பி வராதீர்கள். சரணாலயத்துக்குள் பொலித்தீனையும் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்ரிக்கையும் கொண்டுபோகத் தடை உண்டு, நுழைவாயிலில் எடுத்துவிடுவார்கள். அது நல்ல ஏற்பாடு. அந்தப் போத்தல்களை மானும் மரையும் மெல்வதைக் கண்டவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இவற்றோடு நான்கு சிறு பொருட்கள்: வடிப்பதற்குப் பழைய பருத்திச் சேலைத் துண்டு, பாமசியில் கிடைக்கும் தண்ணீர் சுத்தம் செய்யும் குளோரின் குளிசை, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பைக்கற் ஆளுக்கு ஐந்தாறு, கயிறு கட்டிய சிறிய வாளி. கயிறும் வாளியும் ஏன் என்று கேட்பார்கள். ஊர்க் கிணற்றில் கப்பி இருக்கும், வாளி இருக்காது. ஆற்றங்கரையிலோ முதலைக்குப் பயந்து எட்ட நின்று அள்ள வேண்டியிருக்கும்.

உகந்தை வரை: ஊரும் கோவிலும் உள்ள பாதை

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து தொடங்குபவர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மாத நடை. வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மாமாங்கம், மண்டூர், திருக்கோவில் என்று கோவில் கோவிலாகத் தங்கிப் போகலாம். மட்டக்களப்பிலோ காரைதீவிலோ சேர்ந்துகொள்பவர்களும் நிறையப் பேர். இந்தப் பகுதியில் தண்ணீர் கிடைக்காது என்ற பயம் வேண்டாம். கோவிலடியில் கிணறு இருக்கும், பள்ளிக்கூடத்தில் குழாய் இருக்கும், வழிநெடுகத் தாகசாந்திப் பந்தல் போட்டிருப்பார்கள். இங்கே பார்க்க வேண்டியது தண்ணீரின் தரத்தைத்தான்.

ஊருக்கு ஊர் நல்ல தண்ணீர்க் கிணறு என்று ஒன்றிரண்டு தனியாக இருக்கும். கடற்கரையோர ஊர்களில் பத்து வீட்டுக் கிணறு சவராக இருக்க, பதினோராவது கிணறு இனிப்பாக இருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கோவில் ஐயரிடமோ கிணற்றடியில் நிற்கும் அம்மாவிடமோ கேளுங்கள்: “குடிக்கிற தண்ணிக் கிணறு எது அம்மா?” ‘தண்ணீர் எங்கே’ என்று பொதுவாகக் கேட்டால் குளிக்கும் கிணற்றையும் காட்டிவிடுவார்கள். பாணமையிலும் அதற்கு அப்பாலும் சிங்களம் பேசுபவர்களைச் சந்திப்பீர்கள். “பொன்ன வத்துர தியெனவாத?” என்று கேட்டால் போதும், குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று பொருள். ஒருவரும் இல்லையென்று அனுப்பமாட்டார்கள்.

யாத்திரைக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் பொதுக் கிணறுகளுக்குக் குளோரின் இடுவதுண்டு. அந்த மணம் வந்தால் முகம் சுளிக்காதீர்கள். மணம் வரும் கிணறுதான் நம்பக்கூடிய கிணறு.

தாகசாந்திப் பந்தலில் மோரும் சர்பத்தும் தருபவர்கள் பக்தியோடுதான் தருகிறார்கள். ஆனால் அதில் மிதக்கும் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். நீண்ட நடையில் இருப்பவர் ஐஸ் போட்டதைத் தவிர்ப்பது நல்லது. வேண்டாம் என்று சொல்லி மனம் நோகச் செய்ய வேண்டியதில்லை. “கொதித்தாறின தண்ணி கொஞ்சம் கிடைக்குமா அம்மா?” என்று கேளுங்கள். கிழக்கில் இந்தச் சொல் எல்லா வீட்டுக்கும் தெரியும். தேத்தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது, அது கொதித்த தண்ணீர். இளநீர் வெட்டித் தந்தால் யோசிக்கவே வேண்டாம்.

உகந்தையில் செய்ய வேண்டியவை

உகந்தை முருகன் கோவிலடியில்தான் காட்டுப்பாதை திறப்பதற்காக எல்லோரும் காத்திருப்போம். திறக்கும் நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். காத்திருக்கும் நேரத்தை வீணாக்காமல் மூன்று வேலைகளைச் செய்யுங்கள்.

முதலாவது, பாதை அறிந்த மூத்த சாமிமாரிடம் உட்கார்ந்து இந்த ஆண்டு எங்கெங்கே தண்ணீர் இருக்கிறது என்று கேளுங்கள். சென்ற ஆண்டுக் கதை உதவாது. மாரி மழை குறைந்த ஆண்டில் வழமையாக நிற்கும் மடுவும் வெடித்துக் கிடக்கும். வனசீவராசிகள் திணைக்களத்தாருக்கும் இது தெரியும், தயங்காமல் கேளுங்கள்.

இரண்டாவது, கொண்டுவந்த போத்தல் எல்லாவற்றையும் கொதித்தாறிய தண்ணீரால் அலசி நிரப்பி, மூடி ஒழுகுகிறதா என்று கவிழ்த்துப் பாருங்கள். மலையில் உள்ள சுனைகளைத் தீர்த்தமாக வணங்குங்கள். ஆயிரம் பேர் கை வைத்த சுனை நீரைப் போத்தலில் நிரப்பிக் குடிதண்ணீராகக் கொண்டுபோக வேண்டாம்.

மூன்றாவது, குழுவில் ஒருவரைத் தண்ணீருக்குப் பொறுப்பாக வையுங்கள். யாரிடம் எவ்வளவு இருக்கிறது, குழந்தைகளும் வயதானவர்களும் குடித்தார்களா, இரவு யார் கொதிக்க வைப்பது என்று பார்ப்பது அவர் வேலை. இந்தப் பொறுப்பு எல்லோருக்கும் என்று விட்டால் யாருக்கும் இல்லாமல் போகும்.

காட்டுக்குள்

வாகூரவெட்டை, குமுக்கன், நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று தரிப்பிடங்கள் வரும். ஐந்தாறு நாள் நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலர் விரைந்து நடந்து குறைப்பார்கள், முதன்முறை வருபவர் அதைப் பார்த்துப் போட்டி போட வேண்டாம்.

இப்போதெல்லாம் பாதையில் சில இடங்களில் பௌசரில் (தண்ணீர் லொறியில்) தண்ணீர் கொண்டுவந்து தாங்கிகளில் நிரப்பி வைக்கிறார்கள். பெரிய உதவி அது. ஆனால் மணற்பாதையில் பௌசர் புதைந்தால் அன்று தண்ணீர் வராது, கூட்டம் கூடினால் பின்னால் வருபவருக்கு முன்பே தீர்ந்துவிடும். தாங்கி இருக்கிறது என்று கேள்விப்பட்டால் சந்தோஷப்படுங்கள், போத்தலை மட்டும் அதை நம்பிப் பாதியாகக் கொண்டுபோகாதீர்கள். தாங்கியில் குழாய் திறந்துதான் பிடிக்க வேண்டும். மேல்மூடியைத் திறந்து கையோ செம்போ விட்டு அள்ளினால் ஒருவர் கையில் இருக்கும் கிருமி நூறு பேருக்குப் போகும்.

முதல் பெரிய தண்ணீர் குமுக்கன் ஆறு, அதாவது கும்புக்கன் ஓயா. இரு கரையிலும் மருதமரம் நிழல் விரித்து நிற்கும். பாதை நடந்த களைப்பில் அந்த ஆற்றைக் கண்டதும் எல்லோரும் ஓடிப்போய் இறங்கிவிடுவார்கள். குடிதண்ணீர் எடுப்பவர் அதற்கு முன்பே, கூட்டத்துக்கு மேலே, ஆறு வரும் திசையில் கொஞ்சத் தூரம் குழுவாக நடந்து போய் எடுத்துவிட வேண்டும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடல் பக்கத்தில் இருப்பதால் ஆற்றுமுகத்தை அண்டிய பகுதியில் உப்பு ஏறும். ஒரு வாய் கொப்பளித்துத் துப்பிப் பாருங்கள். கரித்தால் இன்னும் மேலே போங்கள். உப்பைக் கொதிக்க வைத்துப் போக்க முடியாது, நீர் வற்ற வற்றக் கரிப்புத்தான் கூடும்.

குமுக்கனைத் தாண்டினால் மாணிக்க கங்கை வரைக்கும் கோடையில் நம்பி நடக்க ஆறு கிடையாது. நடுவில் இருப்பவை மாரியில் பாய்ந்து கோடையில் வெறும் மணலாகக் கிடக்கும் சிற்றாறுகளும், சேறும் நீருமாக ஒடுங்கிய மடுக்களும், உப்புக் களப்புகளும். யாத்திரையின் கடினமான பகுதி இதுதான். குமுக்கனில் ஒரு நாள் கூடத் தங்கி ஓய்ந்து, இருக்கிற எல்லாப் போத்தலையும் நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள். இந்த இடத்தில் பாரம் என்று பார்த்துத் தண்ணீரைக் குறைக்க வேண்டாம். அரிசியைக் குறைத்தாலும் பரவாயில்லை, வழியில் யாராவது கஞ்சி தருவார்கள்.

பூவல் தோண்டும் முறை

தாங்கியும் இல்லை, மடுவும் கலங்கிக் கிடக்கிறது என்றால் கைகொடுப்பது பூவல். மட்டக்களப்புப் பக்கத்தில் ஆற்று மணலிலும் கடற்கரை மணலிலும் தோண்டித் தண்ணீர் எடுப்பதை எங்கள் மூத்தவர்கள் சாதாரணமாகச் செய்வார்கள். இளையவர்களுக்கு இந்தக் கை பழக்கம் விட்டுப்போகிறது. அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

வற்றிய ஆற்றில் எங்கு வேண்டுமானாலும் தோண்டக்கூடாது. ஆறு வளையும் இடத்தைத் தேடுங்கள். வளைவின் வெளிக்கரை ஓரத்தில், வெள்ளம் அடித்துப் பள்ளமாக்கிய இடத்தில், தண்ணீர் கடைசியாக வற்றும். கரையில் மருது பச்சையாக நின்றால், அல்லது நாணல் காயாமல் நின்றால், கீழே ஈரம் உண்டு. யானை காலாலும் தும்பிக்கையாலும் தோண்டிய குழி இருந்தால் அதைவிட நல்ல அடையாளம் வேறில்லை. அந்தக் குழிக்குள் இருப்பதைக் குடிக்க வேண்டாம், எச்சில் மட்டுமல்ல சாணமும் கலந்திருக்கும். அருகில் வேறாகத் தோண்டுங்கள்; சுற்றிலும் புதிய சாணமோ சூடான தடமோ இருந்தால் அந்த இடத்தையே விட்டுவிடுங்கள்.

மேல் மணலைக் கையாலோ சிரட்டையாலோ அகலமாக விலக்குங்கள். சுவர் செங்குத்தாக இருந்தால் சரிந்து விழும், சரிவாக எடுத்தால் நிற்கும். ஈர மணல் தட்டியதும் இன்னும் ஒரு முழம் இறக்கிவிட்டுக் காத்திருங்கள். நீர் மெல்ல ஊறி வரும், முதலில் கலங்கலாக. அதை இறைத்து வெளியே தூரமாக ஊற்றுங்கள். இரண்டு மூன்று முறை இப்படி இறைத்தால் தெளிந்த நீர் ஊறும். சிரட்டையால் மேலாக மொண்டு எடுக்க வேண்டும், அடி மணலைக் கலக்கக்கூடாது. ஒரு முழம் வரை இறக்கியும் ஈரமே தட்டவில்லை என்றால் அந்த இடத்தில் மினக்கெட வேண்டாம். தோண்டி வியர்க்கும் தண்ணீரும் தண்ணீர்தான்.

மடு இருக்கிறது, ஆனால் எருமை புரண்டு பாசி படர்ந்திருக்கிறது என்றால் மடுவில் அள்ளாமல் கரையிலிருந்து சில அடி தள்ளி மணற்பாங்கான இடத்தில் இதே மாதிரித் தோண்டுங்கள். மடுநீர் மணலுக்குள் கசிந்து வரும்போது சேறும் பாசியும் பின்னால் நின்றுவிடும். கிருமி எல்லாம் நின்றுவிடாது. கொதிக்க வைக்கத்தான் வேண்டும்.

கடற்கரை மணலில் பூவல் தோண்டுவதற்கு வேறு கணக்கு. கடலலை எட்டாத முதல் மணல்மேட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் தோண்ட வேண்டும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே உள்ள உவர்நீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கும். நன்னீர் கடல்நீரைவிடப் பாரம் குறைந்தது என்பதால் இரண்டும் உடனே கலப்பதில்லை. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் ஆய்வாளர்களின் கணக்கு. கோடையின் கடைசியில், மெல்லிய மணல்திட்டில், அந்த உயரம் சில அங்குலமாகக் குறைந்திருக்கும். அதனால் தண்ணீர் தட்டிய உடனே நிறுத்திவிட வேண்டும். நிறைய வேண்டும் என்று ஆழமாகத் தோண்டினாலோ ஒரே குழியில் விடாமல் இறைத்தாலோ உவர் மேலே ஏறிவிடும், பிறகு அந்தப் பூவல் யாருக்கும் உதவாது. பெரிய குழு என்றால் எட்ட எட்டச் சிறிய பூவல்களாக மூன்று நான்கு தோண்டுங்கள்.

புறப்படும்போது குழியை அப்படியே விட்டுவிடாமல் ஓரத்தைச் சரித்துவிடுங்கள். பின்னால் இருட்டில் வரும் ஒருவர் காலை விட்டு முறிக்கக்கூடாது, சின்ன உயிர் விழுந்தால் ஏறி வர வேண்டும்.

பாதையை விட்டுத் தண்ணீர் தேடிக் காட்டுக்குள் போவது வேண்டாம். புறா பறக்கும் திசையையும் மிருகத் தடம் கூடும் இடத்தையும் பார்த்துத் தண்ணீர் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. காட்டை வாழ்நாள் எல்லாம் அறிந்தவர்களுக்கு உரியது அது. மேலும் சரணாலயத்துக்குள் பாதையை விட்டு விலக அனுமதி இல்லை.

எடுத்த தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குவது

தெளிய வைப்பது, வடிப்பது, கிருமி நீக்குவது என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

கலங்கல் நீரைப் பானையில் ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைத்துவிட்டு நீரை ஊற்றினால் சேறு விரைவாக அடியில் படியும். பழைய முறை, நன்றாகவே வேலை செய்கிறது. மேலே தெளிந்ததை நாலாக மடித்த பழைய பருத்திச் சேலையில் வடியுங்கள். புதுத் துணியைவிடத் துவைத்துத் துவைத்து நூல் பருத்த பழைய துணியே நல்லது. வங்காளதேசக் கிராமங்களில் இப்படிச் சேலையில் வடித்துக் குடித்த வீடுகளில் கொலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததை 2003இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கொலராக் கிருமி நீரில் உள்ள நுண்ணுயிர்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டிருப்பதால் அவற்றோடு சேர்ந்து துணியில் தங்கிவிடுகிறது. பாதி குறைந்தது என்றால் பாதி மிஞ்சியிருக்கிறது என்றும் பொருள். ஆகவே வடித்ததோடு விடக்கூடாது.

கொதிக்க வைப்பதுதான் எல்லாவற்றிலும் உறுதியான வழி. குமிழி பொங்கிப் புரண்டு கொதிக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு நிமிடம் போதும். அரை மணி நேரம் எரித்து விறகை அழிக்க வேண்டியதில்லை. இரவுச் சமையல் முடிந்த அடுப்பில் அந்தத் தணலிலேயே மறுநாள் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடி, விடியும் வரை ஆறவிடுங்கள். காலையில் போத்தலில் ஊற்றிக்கொண்டு புறப்படலாம். இதை ஒவ்வொரு இரவும் செய்யும் குழுவில் வயிற்றோட்டம் வருவது அபூர்வம். நெருப்பு மூட்ட அனுமதித்த இடத்தில் மட்டும் மூட்டி, போகும்போது மணல் போட்டு அணைத்துவிடுங்கள். கச்சானில் ஒரு பொறி போதும்.

நெருப்பு மூட்ட முடியாத இடத்துக்குக் குளோரின் குளிசை. எத்தனை லீற்றருக்கு ஒன்று என்று பைக்கற்றில் எழுதியிருப்பதைப் பாருங்கள். போட்டுக் குலுக்கி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கலங்கல் நீரில் குளோரின் சேற்றோடு சேர்ந்து வீணாகும். மணம் பிடிக்கவில்லை என்று உடனே தேசிக்காய் பிழிந்துவிடுகிறார்கள். தேசிக்காயில் உள்ள உயிர்ச்சத்து சி குளோரினை முறித்துவிடும், கிருமி உயிரோடு இருக்கும். அரை மணி கழிந்த பிறகு பிழியுங்கள், அப்போது ஒன்றும் கெடாது.

உறிஞ்சிக் குடிக்கும் வடிகுழாய்களை வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கொண்டுவருகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை பக்ரீரியாவைத் தடுக்கும். செங்கமாரியை (மஞ்சட்காமாலையை) உண்டாக்கும் வைரஸ் போன்ற மிகச் சிறியவை தப்பிப் போய்விடும். உப்பும் போகாது. இருந்தால் பாவியுங்கள், குளோரினையும் சேர்த்து.

தண்ணீர்க் கரையில்

நாம் தண்ணீரைத் தேடும் அதே கோடையில் காட்டு உயிர்களும் அதே மடுவைத்தான் தேடி வருகின்றன. அந்தி சாயும் நேரமும் இரவும் விடியற்புறமும் அவற்றின் நேரம். நீங்கள் பகல் வெளிச்சத்தில் போய் எடுத்து வந்துவிடுங்கள். குறைந்தது நான்கு பேராக, குழந்தைகளை விட்டுவிட்டு, “அரோகரா” சொல்லிக்கொண்டு போங்கள். சத்தம் கேட்டால் யானை பெரும்பாலும் விலகிவிடும். தனியன் நின்றால் நீங்கள் விலகுங்கள். அது பாலைப் பழக் காலம் என்பதால் பாலைமரத்தடியில் கரடி இருக்கலாம், வழியில் மரத்தை அண்ணாந்து பாருங்கள்.

முதலை மடுவிலும் ஆற்றிலும் உண்டு. கலங்கிய ஆழமான கரையில் குந்தியிருந்து செம்பால் அள்ளுவதும் கைகால் கழுவுவதும் கூடாது. அடி தெரியும் ஆழமற்ற இடத்தில், ஒருவர் நீரையே பார்த்துக்கொண்டு நிற்க, மற்றவர் வாளியை எறிந்து இழுக்கட்டும். தண்ணீருக்கு மிக அருகில் படுக்கை விரிக்க வேண்டாம். அது நமக்கும் ஆபத்து, குடிக்க வரும் உயிருக்கும் வழிமறிப்பு.

ஆற்றில் ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வரும் பக்கத்தில் குடிநீர், அதற்குக் கீழே குளிப்பு, எல்லாவற்றுக்கும் கீழே பாத்திரமும் துணியும். சவர்க்காரத்தைத் தண்ணீருக்குள் கொண்டுபோகாதீர்கள்; வாளியில் மொண்டு கரைக்கு மேலே வந்து பாவியுங்கள். மலசலம் கழிக்க ஆற்றிலிருந்தும் கிணற்றிலிருந்தும் 60 மீற்றராவது தள்ளிப் போய் ஒரு சாண் குழி தோண்டி மூடுங்கள். பழைய உடுப்பை ஆற்றில் விட்டுவிட்டு வரும் வழக்கம் இந்தப் பாதையில் வேண்டவே வேண்டாம். நமக்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள், அவர்களில் கைக்குழந்தையோடு நடக்கும் தாய்மார் இருக்கிறார்கள். அவர்கள் குடிக்கப் போவதும் இதே தண்ணீர்தான்.

எப்படிக் குடிப்பது

புறப்படும் முன் அரை லீற்றர் குடித்துவிடுங்கள். நடக்கும்போது தாகத்துக்குக் காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று வாய் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது. தேத்தண்ணீர் நிறத்துக்குப் போனால் நிழலில் உட்கார்ந்து குடிக்க வேண்டும். மிச்சம் பிடித்து வைத்து மயங்கி விழுந்தவர்களின் பையில் பாதிப் போத்தல் இருந்திருக்கிறது. குடித்த தண்ணீர்தான் உதவும்.

வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் பிழை. வியர்வையில் உப்புப் போகிறது. தண்ணீர் மட்டும் உள்ளே போனால் இரத்தத்தில் உப்புக் குறைந்து தலையிடியும் குமட்டலும் தடுமாற்றமும் வரும். காலையில் உப்புப் போட்ட கஞ்சி குடியுங்கள். நம்முடைய பழைய உணவு இந்த நடைக்கென்றே அமைந்தது.

வயிற்றோட்டம் தொடங்கினால் ஒரு ஜீவனிப் பைக்கற்றை ஒரு லீற்றர் சுத்தமான நீரில் முழுதாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பாதிப் பைக்கற், அரைக் கோப்பை என்று கண்மதிப்பில் கலக்கக்கூடாது. கையில் இல்லையென்றால் ஒரு லீற்றர் நீருக்கு மட்டமான ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. மலத்தில் இரத்தம் போனால், குழந்தை அழுதும் கண்ணீர் வராவிட்டால், உடம்பு நெருப்பாய்க் கொதித்துப் பேச்சுக் குழறினால் அந்த நபர் அதற்குமேல் நடக்கக்கூடாது. நிழலில் கிடத்தி உடம்பை நனைத்து விசிறிக்கொண்டு, அருகிலுள்ள வனத்துறையினருக்கோ படையினருக்கோ உடனே சொல்லி அனுப்புங்கள். ஊர்ப்பகுதி என்றால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். நேர்த்தி பாதியில் நின்றுவிடுமே என்று நோயாளி அழுவார். கந்தசாமி அடுத்த ஆண்டும் அங்கேதான் இருப்பார் என்று சொல்லி ஏற்றி அனுப்புங்கள்.

கதிர்காமம் சேர்ந்த பிறகு

கட்டகாமம் தாண்டியதும் பயம் விட்டுப்போகும், அங்கேதான் பலர் கவனத்தையும் விடுகிறார்கள். விழாக் காலத்தில் மாணிக்க கங்கையில் எந்நேரமும் கூட்டம் குளிக்கும். மூழ்கி எழும்பலாம், வாய்க்குள் விட வேண்டாம், போத்தலில் பிடித்துக் குடிக்கவும் வேண்டாம். குடிக்கக் குழாய்த் தண்ணீரோ கொதித்தாறிய தண்ணீரோ போதிய அளவு கிடைக்கும்.

வீடு திரும்பி ஒரு மாதமாவது உடம்பைக் கவனியுங்கள். மடுவிலும் சேற்றிலும் காற்புண்ணோடு இறங்கியவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம். பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாளுக்குள் காட்டும், சிலருக்கு ஒரு மாதம் வரையும் ஆகும். நெருப்புக்காய்ச்சலும் (டைபொயிட்) செங்கமாரியும்கூடப் பிந்தித்தான் தெரியும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவது என்று எது வந்தாலும் பனடோல் போட்டுப் பொறுத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காட்டுப்பாதையால் கதிர்காமம் போய் வந்ததையும், எந்தத் தண்ணீரில் இறங்கினீர்கள், எதைக் குடித்தீர்கள் என்பதையும் டொக்டர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.